துகள் தட்டாத சோறு

மிக்ஸிக்காரனுக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன்னறையில் ஷட்டர் போட்டுக் கடையாக்கியிருந்தான். கடைக்குள் தொங்கும் திரைச்சீலையைத் தள்ளினால் சமையலறை. வருகிறவர்கள் மிக்ஸியை மேசைமேல் வைத்துவிட்டு என்ன கோளாறு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிடுவான். ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்பான். கப்ளர் தேய்ந்த சத்தம் வேறு, புஷ் போன சத்தம் வேறு, கார்பன் தீர்ந்த மோட்டாரின் இழுப்பு வேறு. சரிசெய்த பிறகு ஊறவைத்த அரிசி ஒரு பிடி போட்டு அரைப்பான். அரைத்ததில் ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பான். துகள் தட்டினால் அந்த மிக்ஸி கடையை விட்டு வெளியே போகாது. கொண்டுவந்தவர் போதும் போதும் என்று கெஞ்சினாலும் பிளேடைக் கழற்றி மறுபடி சாணை பிடிக்க உட்கார்ந்துவிடுவான்.

தொழிலில் இது நல்ல குணம். ஓரிடத்தில் நல்லதாக இருக்கிற குணம் எல்லா இடத்திலும் நல்லதாகவே இருக்கும் என்று அவன் நம்பினான். அப்படி நம்பாதவர்கள் குறைவு.

அவனுடைய பெண் நாள் நிறையாமல் பிறந்தவள். முதன்முதலாகக் கையில் வாங்கியபோது கனமே இல்லையே என்று பயந்துபோனான். பயத்தை மறைப்பதற்காக, தக்கை மாதிரி இருக்கிறாள் என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தான். அந்தப் பெயரே நின்றுவிட்டது. தக்கை பிறகு பால் குடித்துத் தேறி, தொடையில் மடிப்பு விழுந்து, தூக்கி வைத்துக்கொண்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தாள். அவன் மனத்தில் மட்டும் அவள் இன்னும் கனமில்லாதவளாகவே இருந்தாள்.

ஆறு மாதம் முடிந்ததும் டாக்டரம்மா சொன்னபடி கஞ்சியில் தொடங்கினார்கள். முதல் கரண்டி வாயைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. புருவத்தில் கஞ்சியோடு குழந்தை ஏதோ கணக்குப் போடுகிறவளைப் போல யோசித்தாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்போது அவன் மனைவி பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்தாள். ஒரு பெரிய மருந்துக் கிடங்கில் சரக்கு பிரித்து அனுப்பும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பாளர். பெட்டி தூக்குகிற வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, தனக்கென்று ஒரு மேசை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து அதன் நீள அகலத்தைக் கையால் காட்டியவள்.

கஞ்சிக்கு அடுத்தது கேரட். வேகவைத்து முள்கரண்டியால் மசித்து அவள்தான் ஊட்டினாள். சரியாக மசியாத ஒரு துண்டு குழந்தையின் நாக்கில் உருண்டது. தக்கை ஓங்கரித்தாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது, கழுத்தை முன்னால் நீட்டி இருமினாள். மனைவி கரண்டியை இறக்கிவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். சத்தம் கேட்டுக் கடையிலிருந்து ஓடிவந்தவன் காத்திருக்கவில்லை. குழந்தையைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைந்தான். கேரட்டோடு காலையில் குடித்த பாலும் தரையில் விழுந்தது. தக்கை வீறிட்டு அழுதாள். அவளை ஒன்றும் அடைத்திருக்கவில்லை. வந்து அடித்த கைதான் அவளை அதிரவைத்திருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தான்.

அன்று சாயங்காலமே ஒரு சின்ன ஜாரைத் தேர்ந்தெடுத்து, அதற்கு என்றே பிளேடு சாணை பிடித்தான். குழந்தைக்கு எது வேகவைத்தாலும் அதில் அரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, விரலில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தில் ஊற்றினான். தக்கை அதை மடமடவென்று விழுங்கினாள். முதலில் மனைவியும் ஒப்புக்கொண்டாள். அந்தச் சிவந்த முகம் அவளையும் கொஞ்சம் ஆட்டியிருந்தது. ஆனால் வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது, பல் முளைக்கிறது, இனி மசித்துக் கொடுத்தால் போதும், அரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் தலையாட்டினான்.

காலையில் உருளைக்கிழங்கோ பூசணியோ சோறும் பருப்புமோ மசித்து, கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு அவள் கிளம்புவாள். பஸ் தெருமுனை திரும்பியதும் அவன் கிண்ணத்தைத் திறந்து பார்ப்பான். துகள் துகளாகத் தெரியும். ஒவ்வொரு துகளும் ஒரு கேரட் துண்டாக அவன் கண்ணுக்கு வளரும். கிண்ணத்தோடு கடைக்குப் போய்ச் சின்ன ஜாரில் கொட்டுவான். மிக்ஸி பழுது பார்க்கிற கடையில் மிக்ஸி ஓடினால் யார் காதிலும் விழாது.

மத்தியானம் அவள் போனில் கேட்பாள். சாப்பிட்டுவிட்டாள் என்பான். அது பொய்யில்லை. பொய் இல்லாத ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய பொய்யை வைக்கலாம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஊசி நூல் கோத்தபடியே எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, ஆப்பிளைக்கூட வடிகட்டித்தான் குடுப்பியா? உன் பொண்ணு பல்லுக்கு வேலையே வைக்க மாட்டியா?" என்றார்.

"அது பாட்டுக்கு மொளைக்கட்டும் அண்ணே. அவசரம் என்ன?"

"மொளைச்சுட்டு உன்னைத்தான் முதல்ல கடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனார். அவனும் சிரித்தான்.

சிரிக்க முடியாத காரியம் மனைவியின் விடுமுறை நாட்களில் நடந்தது. அன்று அவளே மசித்து அவளே ஊட்டுவாள். தக்கை முதல் வாய்க்கே நாக்கால் வெளியே தள்ளுவாள். இரண்டாவது வாய்க்கு ஓங்கரிப்பாள். மூன்றாவது கரண்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். மனைவி பாட்டுப் பாடிப் பார்த்தாள், ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்தாள், கிண்ணத்தை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் அவன் வந்து, என்னிடம் கொடு, கடைப்பக்கம் வேடிக்கை காட்டிக் கொடுக்கிறேன் என்று குழந்தையையும் கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போவான். ஒரு மிக்ஸி கொஞ்ச நேரம் ஓடும். பிறகு காலிக் கிண்ணத்தோடு திரும்பி வருவான்.

அவள் காலிக் கிண்ணத்தையே பார்ப்பாள். நான் மசித்த சோறு, நான் உப்பில்லாமல் பார்த்துப் பார்த்துச் செய்தது, அதே கிண்ணம், அதே கரண்டி. வேறாக இருந்தது கை மட்டும்தான். அவளுக்குத் தெரிந்த வரையில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்.

அந்த அர்த்தத்தை வாய்விட்டுச் சொன்னவள் அவளுடைய அக்கா. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது இந்தக் கூத்து முழுவதையும் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

"பிள்ளைக்கு எல்லாம் தெரியும்டி. பகல் பூரா யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க கைதான் அதுக்கு ருசி. நீ கிடங்குல பெட்டி எண்ணிக்கிட்டிரு, மாப்ள தாயும் ஆயிடுவாரு."

மனைவி குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கிண்ணம் அது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தை அக்காவுக்கு எதிரில் சொல்ல வேண்டும். அக்கா போகட்டும் என்று இருந்தான். அக்கா போனதும், இவள் முகம் தெளியட்டும் என்று இருந்தான். முகம் தெளிந்ததும், தெளிந்த முகத்தை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் இருப்பதற்குக் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும். சொல்வதற்கு ஒரே காரணம்தான் உண்டு, அதுவும் வரிசையில் கடைசி ஆளாக நிற்கும்.

ஊசி போடும் நாளில் மனைவிக்கு விடுப்பு கிடைக்காததால் அவன் மட்டும் தக்கையைத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டரம்மா எடை பார்த்துத் திருப்திப்பட்டார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவன் கேட்டதற்கு மேலேயே சொன்னான்: ஜாரைப் பற்றி, பிளேடைப் பற்றி, வடிகட்டியைப் பற்றி, விரலில் தேய்த்துப் பார்ப்பதைப் பற்றி. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். மேசைமேல் இருந்த வாழைப்பழம் ஒன்றை உரித்து, சுண்டுவிரல் நுனி அளவுக்கு மென்மையான துண்டைக் கிள்ளி, குழந்தையின் உதட்டுக்குள் வைத்தார். தக்கை அதை என்ன செய்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே இருந்தாள். எச்சில் ஒழுகியது. பிறகு ஓங்கரித்துத் துப்பினாள்.

அவன் பாய்ந்து தூக்கப் போனான். டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"உட்காருங்க. இது அடைச்சுக்கிறது இல்ல. அடைச்சா சத்தமே வராது, இருமவும் முடியாது. அதுக்குத்தான் பயப்படணும், அதுக்கு என்ன செய்யணும்னு நர்ஸ் இப்பவே காட்டித் தருவாங்க. தலைகீழாத் தொங்கவிடறது இல்ல. இப்படிச் சத்தம் போட்டு ஓங்கரிச்சா, பெரிசா வந்ததை வாய் தானே வெளிய தள்ளுதுன்னு அர்த்தம். இவ வாய்க்கு ஒரு குறையும் இல்ல. நீங்க அதுக்கு வேலையே குடுக்கல."

அரைப்பதை நிறுத்தச் சொன்னார். இரண்டு விரலுக்கு நடுவில் நசுங்குகிற அளவு மென்மை இருந்தால் போதும், துகள் இருக்கட்டும், துகள்தான் வேண்டும் என்றார். நாள் கொஞ்சம் தப்பிவிட்டது, இன்னும் தப்பவிட்டால் மெல்லக் கற்றுக்கொடுப்பது பெரிய பாடாகிவிடும் என்றும் சொன்னார்.

வழியெல்லாம் அவனுக்கு ஒரே யோசனை. வாழ்நாள் முழுவதும் சத்தம் என்றால் கோளாறு, சத்தமில்லை என்றால் சுகம் என்று பழகியவன். குழந்தை விஷயத்தில் அது அப்படியே தலைகீழ் என்பதை ஏற்க முடியவில்லை. ஏற்காமலும் இருக்க முடியவில்லை, அந்தச் சின்னத் துண்டை அவள் தானே துப்பியதை அவனே பார்த்தான். ஆனால் அவனை அதிகம் உறுத்தியது வேறு. இத்தனை நாள் அவன் தன்னிடம் சொல்லிக்கொண்டது, குழந்தைக்காகச் செய்கிறேன் என்பது. குழந்தைக்காகச் செய்ததில் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது அவனுக்கு: அந்தச் சிவந்த முகத்தை மறுபடி பார்க்காமல் இருக்கும் நிம்மதி. அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் எந்தப் பயத்தையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த வசதியை அவன் நன்றாகவே அனுபவித்திருந்தான்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு காத்திருந்தான். அவள் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

அவன் ஏன் என்று கேட்டான். கேட்க வேண்டியதே இல்லை.

"இவளுக்கு என் கை மறந்துபோச்சு. வீட்ல இருந்தா பழகிடுவா. மேசை எங்க போகப்போகுது, கிடைக்கறப்ப கிடைக்கும்."

சொன்னபோது சிரித்தாள். அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி என்பதை இங்கே மறைத்துப் பயனில்லை. அவள் வீட்டில் இருந்தால் இனி ஊட்டுவது அவள். ஓங்கரிப்பதைப் பார்க்க வேண்டியதும் அவள். எப்படியோ பழகிவிடும், பழகியதும் தாய் வீட்டில் இருந்ததால் பழகியது என்று எல்லாரும் சொல்வார்கள், அவளே சொல்வாள். சின்ன ஜாரைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. டாக்டரம்மா என்ன சொன்னார் என்று அவள் கேட்டபோது, எடை நன்றாக இருக்கிறதாம் என்றான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறக்கப் போனவன் திரைச்சீலையருகே நின்றுவிட்டான். சமையலறையில் அவள் தரையில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் அவனுடைய சட்டையைப் போட்டிருந்தாள். துவைக்கப் போட்டிருந்த, கிரீஸும் வியர்வையும் படிந்த சட்டை. கைகள் நீளமாக இருந்ததால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். அப்பாவின் வாசனை இருந்தால் வாங்கிக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறாள். தக்கை ஓங்கரித்தாள். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, சட்டையின் முன்பக்கத்தைக் குழந்தையின் மூக்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய், மறுபடி கரண்டியை எடுத்தாள்.

அதற்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அரைச்சுத்தான் குடுக்கறேன்."

"எதை?"

"நீ மசிச்சு வைக்கறதை எல்லாம். நீ பஸ் ஏறினதும் ஜார்ல போட்டு அரைச்சு, வடிகட்டி. லீவு நாள்ல திரைக்கு அந்தப் பக்கம் போனா, அப்பவும் அதுதான். அவளுக்கு உன் கை பிடிக்காம இல்ல. துகள் பழக்கமில்ல. நான் பழக்கல."

டாக்டரம்மா சொன்னதையும் சொன்னான். மறைத்ததையும் சொன்னான். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"அரைச்சுட்டு வாங்க."

"வேணாம்மா, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க..."

"ஒரே ஒரு தடவை. அரைச்சுட்டு வாங்க."

அரைத்துக் கொண்டுவந்தான். அவள் வாங்கி ஊட்டினாள். தக்கை வாயைத் திறந்தாள், விழுங்கினாள், அடுத்த வாய்க்குக் கையை ஆட்டினாள். அவள் அவசரப்படாமல், வாய் வாயாக, கிண்ணத்தின் ஓரத்தை வழித்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊட்டினாள். குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். பிறகு சட்டையைக் கழற்றி அவன் மடியில் போட்டாள்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு அக்காகிட்ட சண்டை போட்டிருக்கேன் நான்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான்.

மறுநாள் அவள் மேனேஜரைப் பார்த்தாள். வேலை இருந்தது, மேசை இல்லை. அவளிடம் தொழில் கற்ற பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது முறையில்லை என்று அவளுக்கே தெரிந்தது. சாயங்கால ஷிப்டில் சரக்கு பிரிக்கும் இடம் ஒன்று காலியாக இருந்தது; நின்றுகொண்டே செய்யும் வேலை. அதை எடுத்துக்கொண்டாள். மாதக் கடைசி வரை பகலில்தான் வரவேண்டும், அதன்பிறகு ஷிப்டு மாறும் என்று வந்து சொன்னபோது அவன் வருத்தம் தெரிவிக்க முயன்றான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அந்த நாட்களில் காலையில் கிளம்புவதற்கு முன்னால் அவளே மசித்து ஊட்டினாள். நர்ஸ் காட்டித் தந்ததை அவனைக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, முதலில் நீர்க்கப் பிசைந்த பூசணி, அடுத்து கொஞ்சம் கெட்டியான உருளைக்கிழங்கு. தக்கை பாதிக்கு மேல் துப்பினாள். ஓங்கரிக்கும் சத்தம் எழும்போதெல்லாம் அவன் கடையைவிட்டுத் தெருவில் இறங்கி மின்கம்பம் வரை போய் நிற்பான். தையல்காரர் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை வெட்டப் போய்விடுவார். ஒருநாள் அவள் தெருவுக்கே வந்துவிட்டாள். தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

"நான் ஷிப்டுக்குப் போனா ராத்திரிச் சாப்பாடு நீங்கதான். அப்பவும் கம்பத்துக்கிட்டதான் வந்து நிப்பீங்களா?"

அவன் உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினான். பார்ப்பது மட்டும்தான், ஊட்டுவது அவள். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். இருமல் சத்தத்துக்கும் சத்தமின்மைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது குழந்தையைப் பற்றி மட்டும்தான். மத்தியானத்துக்கு அவள் வைத்துவிட்டுப் போகும் குழைந்த கஞ்சியை மட்டும் அவன் கொடுப்பான்; அவள் போன் செய்வது நின்றுபோயிருந்தது. வீடு வந்ததும் அவனிடம் கேட்கமாட்டாள். குழந்தையின் சட்டையில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் பார்ப்பாள், விரலில் தேய்த்துப் பார்ப்பாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு எப்போது திரும்ப வரும் என்றும் தெரியவில்லை.

ஷிப்டு மாறிய முதல் நாள் வெயில் தாழ்ந்ததும் அவள் கிளம்பினாள். அடுப்பு மேடையில் வேகவைத்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் இருந்தன. மசித்து வைக்கவில்லை.

அவன் ஷட்டரை இறக்கினான். இருபுறமும் சாமான் நிறைந்த கடையில் மிக்ஸிகள் வரிசையாக இருந்தன, எதை அழுத்தினாலும் ஓடும். அவள் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும், சட்டை மாற்றியிருக்கும், சுரண்டிப் பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது. இதையெல்லாம் அவன் நினைத்தான். நினைக்காத நல்லவனாக அவன் ஆகிவிடவில்லை.

தக்கையைக் குழந்தை நாற்காலியில் உட்காரவைத்து இடுப்புப் பட்டியைக் கட்டினான். கிழங்கையும் பீன்ஸையும் முள்கரண்டியால் மசித்தான். ஒவ்வொரு துகளையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, நசுங்குகிறதா என்று மட்டும் பார்த்தான். முதல் வாயைக் கொடுத்தான். அவள் நாக்கால் தள்ளினாள். திரும்பக் கொடுத்தான். இந்தத் தடவை உள்ளே போனது, நின்றது, அவள் கழுத்தை நீட்டினாள். சத்தம் வந்தது. முகம் சிவந்தது. கண்ணில் நீர் கோத்தது. அவன் கால்கள் எழுந்துவிட்டன. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவள் இருமினாள். துண்டு வெளியே வந்து பட்டியின்மேல் விழுந்தது.

தக்கை அழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குத் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாது, சிரிப்பதற்கு முயன்றுகொண்டிருந்தான். அவள் குனிந்து, விழுந்து கிடந்ததைப் பார்த்தாள், கையை வைத்து அழுத்தினாள், விரலில் ஒட்டியதை எடுத்துத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். தாடை ஒரு பக்கமாக, பழக்கமில்லாமல், நகர்ந்தது. அது உள்ளே போகுமா வெளியே வருமா என்று தெரியாமல், கையை நீட்டாமல், அவன் நின்றுகொண்டிருந்தான்.